எழுதுகோலும் ஓர் அமானிதம்

உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியபோது அவரைத் தாங்கி நின்றவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. காப்பியம் வளர்ந்து வரும்போதே அவ்வள்ளல் மறைந்தார். இடையிலே நின்றுவிடக் கூடியதாயிருந்த அப்பெரும்பணிக்குத் தோள் கொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். சிதம்பரத்திற்கு அண்மையில், வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த அத்துறைமுகப் பட்டினம், 5,000-க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு தமிழ்க் காப்பியம் வளரத் துணை நின்றது என்பது நம் கடலூர் மாவட்டத்தார் அனைவரும் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும். புலவரும் நன்றி மறந்தாரல்லர். நபிகள் நாயகம் அவர்களின் வரலாற்றைப் பாடிச் செல்லுங்கால் இடையிடையே அபுல் காசிமின் பெயரை நினைவுகூர்ந்தே செல்கின்றார்.

இவ்வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பறையில் கற்பிக்கின்றோம்; வள்ளலின் கொடையை வியக்கின்றோம். ஆயினும் ஒரு வினாவை நாம் எழுப்புவதேயில்லை. இரண்டாம் வள்ளல் எதனை நம்பிக் கொடுத்தார்? புலவர் வெறுங்கையுடன் வந்து நின்றவரல்லர். பாடி முடித்த பகுதி அவர்தம் கையில் இருந்தது. இன்னும் பாட வேண்டிய பகுதி எதுவென்பதும் தெளிவாக இருந்தது. செய்ததும் செய்யவேண்டியதும் தெரிந்திருந்த இடத்தில்தான் கொடை வந்து சேர்ந்தது எனக் கொள்வதில் பிழையில்லை.

இன்று வள்ளல்களின் இடத்தில் அறக்கட்டளைகளும், அரசின் நல்கைத் திட்டங்களும், தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிகளும் நிற்கின்றன. புலவரின் இடத்தில் நம் ஊர் நூலகங்களும், கல்விச் சங்கங்களும், மதரசாக்களும், மாணவர் விடுதிகளும் நிற்கின்றன. இவ்விரு தரப்புக்கும் இடையே பாலமாக அமைவன நிதி விண்ணப்பம் எனும் சில தாள்களே. அத்தாள்களை நாம் எவ்வாறு எழுதுகின்றோம், எவ்வாறு எழுதியிருக்க வேண்டும் என்பதை இம்மலரின் வாயிலாக மாணவர்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். நம் சொந்தத் தவறிலிருந்தே தொடங்குகின்றோம்.

ஏழு பக்கங்களில் இல்லாத ஓர் எண்

நம் வட்டாரக் கடலோர ஊர் ஒன்றில் பழைமையான வாசகசாலை ஒன்று உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிச் சென்று பொருளீட்டியவர்கள் கொணர்ந்த நூல்களும், பழைய இதழ்களும், அரபுத்தமிழில் எழுதப்பட்ட கையெழுத்துப் படிகளும் அங்கே மர அலமாரிகளில் இருந்தன. 30.12.2011 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மாவட்டமெங்கும் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்த அந்நாளில், வாசகசாலையின் ஓடுகளும் பறந்தன. வாசகசாலைத் தலைவராக இருந்த முதியவர் நம்மிடம் வந்தார். "தம்பி, நீங்கள் தமிழ் படித்தவர். வெளியூரில் ஓர் அறக்கட்டளை இதற்கெல்லாம் பணம் தருகிறதாம். மனு ஒன்று எழுதித் தாருங்கள்" என்றார். "அதற்கென்ன ஹாஜியார், நாளையே தருகிறேன்" என்றோம்.

மறுநாளே எழுதினோம்; ஏழு பக்கங்கள் எழுதினோம். எம்.ஃபில். பட்டத்திற்கு இஸ்லாமியச் சிற்றிலக்கியங்களை ஆராய்ந்த செருக்கு அப்போது நம்மிடம் மிகுதியாக இருந்தது. தமிழின் தொன்மை ஒரு பக்கம்; இஸ்லாமியர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு இரண்டு பக்கம்; கடல் வாணிகச் சிறப்பு இரண்டு பக்கம்; நூலகம் அறிவின் கருவூலம் என்னும் கருத்து ஒரு பக்கம். இறுதிப் பக்கத்தில், "வாசகசாலையைச் சீரமைக்க ரூபாய் பத்து இலட்சம் அளவில் வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்" என முடித்திருந்தோம். படித்துப் பார்த்த ஹாஜியார் கண் கலங்கினார். நாமும் மனநிறைவு கொண்டோம்.

இரு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. மறுப்பன்று, மூன்று வினாக்கள். வாசகசாலையில் உள்ள நூல்கள் எத்தனை? அவற்றுள் வேறெங்கும் கிடைக்காதவை எவை? எமது நிதி தீர்ந்த பின்னர் இவற்றைப் பேணுவோர் யார்? இம்மூன்றுக்கும் நம்மிடம் விடையில்லை. கடிதத்தை ஹாஜியாருக்குப் படித்துக் காட்டினோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, ஏழு பக்கத்தில் நம் கிதாபுகள் எத்தனை என்று எழுதவில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணிவிடலாம் என்றோம். பருவத் தேர்வு வந்தது. விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. தர மதிப்பீட்டுக் குழு வருகைக்கான ஆயத்தங்கள் வந்தன. அலமாரிகள் தார்ப்பாயின் கீழே காத்திருந்தன. 2015 நவம்பரில் பெய்த பெருமழையில் கடலூர் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. வாசகசாலையின் கீழ்த்தட்டுகளில் இருந்தவை அனைத்தும் கூழாயின. அவ்வெள்ளத்தைக் காண ஹாஜியார் உயிருடன் இல்லை. அழிந்தவற்றுள் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை இன்று எவராலும் கூற இயலாது. ஏனெனில் பட்டியல் என ஒன்று இருந்ததேயில்லை. இழந்தோம் என்பதை அறிவோம். எதனை இழந்தோம் என்பதை அறியோம்.

விண்ணப்பம் எழுதுதல் அலுவலக வேலை, அதற்கும் நமக்கும் தொடர்பில்லை எனக் கருதும் தமிழாசிரியர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நமக்குத் தெரியாமற்போனது நடையன்று, சொற்களன்று. கேட்கும் முன்னர் நம்மிடம் இருப்பதை நாமே அறிதல் வேண்டும் என்னும் எளிய முறைமை நமக்குத் தெரியாமற்போயிற்று.

ரோஜா முத்தையா அவர்களின் நூற்சேகரிப்பு இதற்கு மறுதலையான சான்றாகும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் தனியொருவராகத் தம் வாழ்நாளெல்லாம் அவர் திரட்டியவை ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் மறைந்த பின்னர் அச்சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆயினும் அது கடல் கடந்து செல்லவில்லை. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. நூற்பட்டியல் உருவாக்கவும் நுண்படம் எடுக்கவும் அமெரிக்க அரசின் மானுடக் கலைகளுக்கான தேசிய நல்கை நிறுவனம் போன்றவை பொருளுதவி செய்தன. என்ன இருக்கிறது, எதற்கு அழிவு நெருங்கியுள்ளது, எவ்வாறு காக்கலாம் என்பனவற்றைக் கூற வல்லோர் அங்கே இருந்தனர். நம் வாசகசாலையிலோ காக்க வேண்டும் என்னும் ஆர்வம் மட்டுமே இருந்தது.

பிச்சாவரம் புகட்டும் பாடம்

விண்ணப்பத்தின் உயிர்நிலை எதுவெனக் கேட்பின், குறையை எடுத்துரைக்கும் பகுதியே என்போம். நோயை மட்டுமன்றி நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தருதல் வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி. விண்ணப்பம் எழுதுவோர்க்கும் அதுவே நெறி. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரம் வரை சென்றால் போதும்.

பிச்சாவரத்து அலையாத்திக் காடுகள் அழிந்து வந்தமைக்குச் சுற்றியுள்ள ஊர் மக்களே காரணர் என நெடுங்காலம் கருதப்பட்டது. விறகு வெட்டுகின்றனர், மாடு மேய்க்கின்றனர் என்னும் பழி அவர்கள் மீது விழுந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே ஆய்வு மேற்கொண்டபோது வேறொரு காரணம் புலப்பட்டது. முற்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுக்கும் முறை நடைமுறையில் இருந்தது. அவ்வாறு வெட்டவெளியான நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டி போலாயிற்று. உள்ளே புகுந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது. உப்பு மிகுந்த மண்ணில் புதிய கன்றுகள் பிழைக்கவில்லை. காரணம் தெரிந்ததும் தீர்வும் தெரிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்ற இறக்க நீர் வந்து செல்ல வழி செய்து, அலையாத்திக் கன்றுகளை நட்டனர். இந்திய - கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் துணையும், தமிழ்நாடு வனத்துறையின் ஒத்துழைப்பும், முன்னர்ப் பழி சுமந்த அதே ஊர் மக்களின் உழைப்பும் அப்பணியில் இணைந்தன.

அன்று எவரேனும் பழைய நம்பிக்கையின் அடிப்படையில், காட்டைச் சுற்றி வேலியிடவும் காவலர் அமர்த்தவும் நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தால் என்னாகியிருக்கும்? நிதி கிடைத்திருக்கலாம், வேலியும் எழுந்திருக்கலாம், காடு மட்டும் எழுந்திருக்காது. குறையைப் பிழைபட உரைத்த விண்ணப்பம் வெற்றி பெறுதல், தோல்வியுறுவதினும் பெருந்தீங்காகும். 26.12.2004 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, அடர்ந்த அலையாத்தி மரங்களின் பின்னே இருந்த குடியிருப்புகள் சேதம் குறைந்து தப்பின. கடலூர் மாவட்டக் கடற்கரையில் நிகழ்த்திய ஆய்வு 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்து இவ்வுண்மையை உலகறியச் செய்தது.

அதே ஆழிப்பேரலைக்குப் பின்னர் வேறொரு காட்சியையும் நம் கடற்கரை கண்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. கொடுப்போர் மனத்தில் மீனவர் என்றதும் படகே தோன்றிற்று. ஆகவே படகு கேட்டே விண்ணப்பங்கள் எழுந்தன; படகுகளே மிகுதியாக வந்தன. தமிழகக் கரையோரத்தில் முன்பு இருந்ததைவிடப் படகுகள் பெருகிவிட்டன எனப் பின்னர் வெளிவந்த மதிப்பீடுகள் பல சுட்டிக்காட்டின. மீன் கூடை சுமந்து விற்கும் பெண்கள், உப்பு நீர் புகுந்த நிலத்தில் கூலிவேலை இழந்தவர்கள், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் ஆகியோரின் குறைகள் பின்னரே கேட்கப்பட்டன. கொடுப்போர் விரும்புவதை எழுதுவதா, ஊருக்கு வேண்டியதை எழுதுவதா என்னும் வினா அன்று நம் கண்முன் நின்றது, இன்றும் நிற்கின்றது.

முதற்பங்கு யாருடையது?

நம் சமுதாயப் பெரியோர் சிலர் விண்ணப்பம் என்றாலே முகம் சுளிப்பர். கையேந்துவது நமக்கு இழுக்கு என்பர். அவர்தம் தன்மான உணர்வை மதிக்கின்றோம். ஆயின் முறையாக எழுதப்பட்ட விண்ணப்பம் இரத்தலாகாது. இரப்பவர் தம் வறுமையைக் காட்டுகின்றார்; விண்ணப்பிப்பவர் தம் பங்கை முன்வைத்துப் பிறரைப் பங்காளியாக அழைக்கின்றார். நம் மாவட்டத்து அறப்பணிகளின் வரலாறு இதனையே மெய்ப்பிக்கின்றது.

வடலூரில் 1867-இல் வள்ளலார் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தோற்றுவித்தபோது, அவ்விடத்துப் பார்வதிபுரம் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். வெளியுதவி வருமா எனப் பார்த்திராமல் உள்ளூரார் தம் மண்ணை முதலில் வைத்தனர். பசித்தவர்க்கு உணவு என்னும் நோக்கமும் ஒரே தொடரில் கூறத்தக்கதாயிருந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை.

சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தொடர்ந்து தமிழ், வடமொழி, இசை ஆகியவற்றுக்கும் கல்லூரிகள் கண்டார். பின்னரே அவற்றையும் அவற்றோடு 20 இலட்சம் ரூபாயையும் ஒருங்கே முன்வைத்துப் பல்கலைக்கழகம் அமைய வழி செய்தார். அரசும் தன் பங்கை அளித்தது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. நடந்துகொண்டிருக்கும் கல்லூரிகளும் கையில் உள்ள தொகையும்தான் அங்கே விண்ணப்பமாகப் பேசின.

அப்பல்கலைக்கழகமே பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் ஆய்வு நிலையத்தை வளர்த்தது. 1963-இல் அது பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையம் என்னும் தகுதியைப் பெற்றது. ஆறும் கடலும் கழிமுகமும் அலையாத்திக் காடும் அடுத்தடுத்து அமைந்த இடம் அது. 'இப்பணி ஏன் இங்கே நடைபெற வேண்டும்' என எவர் வினவினும் வெள்ளாற்றையே விடையாகச் சுட்டலாம். விண்ணப்பம் எழுதும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குரிய வெள்ளாறு எதுவெனக் கண்டறிதல் வேண்டும். தன் ஊரிலும் தன் மக்களிடத்தும் தன் சேகரிப்பிலும் மட்டுமே உள்ள ஒன்றை முன்வைப்பார்க்கே செவிசாய்ப்பர்.

ஆகவே பெரியோர்களிடம் நாம் வேண்டிக்கொள்வது இதுதான். ஜமாஅத்தின் சார்பில் சிறு தொகையோ, ஓர் அறையோ, இரண்டு ஆள் உழைப்போ முதலில் எழுதி வையுங்கள். பத்து ரூபாய் பணிக்கு இரண்டு ரூபாய் நம்முடையது என்னும் வரி விண்ணப்பத்தில் இடம்பெற்றுவிட்டால், எஞ்சிய எட்டைக் கேட்பதில் இழுக்கு ஏதுமில்லை.

கணக்கு எனும் வாய்மை

விண்ணப்பத்தில் மிகுதியாகப் பொய் புகும் இடம் வரவு செலவுத் திட்டமாகும். வெட்டியே தருவர் என்றெண்ணி இருமடங்காகக் கேட்போர் உளர். கொடுக்க அஞ்சுவர் என்றெண்ணிப் பாதியாகக் குறைத்துக் கேட்டுப் பின்னர்ப் பணியைப் பாதியில் விடுவோரும் உளர். இரண்டும் வாய்மைக்குப் புறம்பானவை. 'இதர செலவுகள்' என்னும் தலைப்பில் பெருந்தொகை காட்டுவது நம் மதரசாச் சிறுவனுக்கும் ஐயத்தை எழுப்பும். அலமாரி வேண்டுமெனில் எத்தனை, என்ன அளவு, ஒன்றின் விலை யாது என மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று எழுதுக. ஓர் ஆளுக்கு ஊதியமெனில் எத்தனை திங்கள், திங்களுக்கு எவ்வளவு, அவர் செய்யும் வேலை யாது என எழுதுக. பணம் தீர்ந்த மறுதிங்கள் விளக்குக் கட்டணத்தை யார் செலுத்துவார் என்பதையும் எழுதுக. நம்மிடம் கேட்கப்பட்ட மூன்றாம் வினா அதுவே.

இந்நெறிகள் நம் பெரியோர்க்குப் புதியவையல்ல. ஜகாத்தைப் பெறத் தகுதியுடையோர் எண்வகையினர் எனத் திருக்குர்ஆன் வரையறுத்துள்ளது. அவ்வரம்பைக் கடந்து செலவிட எவர்க்கும் உரிமையில்லை. வக்பு செய்தவர் விதித்த நிபந்தனையை முத்தவல்லி தம் விருப்பம்போல் மாற்றலாகாது என்பதும் நாம் அறிந்த சட்டமே. பள்ளிவாசல் விளக்கெண்ணெய்க்கு எழுதி வைத்த நிலத்தின் வருவாயை விருந்துக்குச் செலவிடலாமா எனக் கேட்டால் ஆகாது என்று உடனே விடையளிப்போம். நூற்பட்டியலுக்கு வந்த நல்கையைச் சுவர்ப் பூச்சுக்குச் செலவிடலாமா எனக் கேட்டால் மட்டும் தயங்குகின்றோம். இரண்டும் அமானிதமே. தணிக்கையாளரின் பயன்பாட்டுச் சான்றிதழ் என்பது நாம் ஏற்ற அமானிதத்தை ஒப்படைத்தமைக்கான சாட்சியமன்றி வேறில்லை.

இன்றைய சட்டமும் சிறு சங்கங்களும்

முன்னாளினும் இந்நாளில் சிறிய சங்கங்கள் தாமே எழுதப் பழகுதல் இன்றியமையாததாயிற்று. ஒரு காலத்தில் பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று வெளிநாட்டு நிதியைப் பெற்று, அதிலிருந்து சிற்றூர்ச் சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் இருந்தது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்திற்கு 2020-இல் கொண்டுவந்த திருத்தம் அவ்வாறு பிறர்க்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிருவாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கு நல்கை வழங்க 1989-இல் அமைக்கப்பட்ட மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடுமாறு 2024-இல் ஒன்றிய அரசு ஆணையிட்டது. பழகிய வாயில்கள் சில அடைபட்டன என்பது உண்மை.

அதே வேளையில் திறந்த வாயில்களும் உள. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென விதித்தது. நெய்வேலியும் கடலூர்த் தொழிற்பேட்டையும் அமைந்த மாவட்டத்தில் வாழும் நாம் இதனை அறியாதிருத்தல் தகுமோ? பிரித்தானிய நூலகம் 2004-இல் தொடங்கிய அழிவுநிலை ஆவணங்கள் திட்டம், மூல ஆவணங்களை அவை உள்ள நாட்டிலேயே வைத்து, மின்படிகளை மட்டும் உருவாக்க நல்கை வழங்குகின்றது. நம் வீடுகளில் உறங்கும் அரபுத்தமிழ்ச் சுவடிகள் இத்தகைய திட்டங்களின் நோக்கத்தோடு பொருந்துவனவே.

ஆனால் எந்த வாயிலில் நிற்பதற்கும் முன்னர்ச் சங்கத்தின் வீடு ஒழுங்காக இருத்தல் வேண்டும். சங்கப் பதிவு உயிருடன் உள்ளதா? ஆண்டுதோறும் பொதுக்குழு கூடியுள்ளதா? மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு ஆயத்தமாக உள்ளதா? வருமான வரித்துறையின் பதிவு பெறப்பட்டதா? 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைச் செயற்படுத்தும் அமைப்புகளுக்குத் தனிப்பதிவும் கட்டாயமாயிற்று. இவற்றை விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கு முந்தைய இரவில் தேடுவோர் எதனையும் காணார்.

முதலில் தமிழில் எழுதுக

"இவையெல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டியவை; தமிழாசிரியருக்கு இங்கே என்ன வேலை?" என நண்பர்கள் வினவுவர். விண்ணப்பம் எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்டோர் நகரங்களில் உள்ளனர், அவர்களிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை என்பாரும் உளர். அவர்தம் திறமையை நாம் மறுக்கவில்லை. நிதி வழங்குவோரின் மொழியும் படிவத்தின் நுட்பமும் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் அவர்கள் நம் வாசகசாலையின் ஈரச் சுவரைக் கண்டவரல்லர். அவர்கள் எழுதும் விண்ணப்பம் கடலூருக்கும் பொருந்தும், காரைக்குடிக்கும் பொருந்தும். பணம் வந்த பிறகோ, தாள்களில் என்ன வாக்களிக்கப்பட்டது என்பதே சங்கத்தாருக்குத் தெரியாது. கையொப்பமிட்ட தலைவர் படிக்க இயலாத ஒரு வாக்குறுதியை அவர் எவ்வாறு நிறைவேற்றுவார்?

ஆதலின் நம் கருத்து இதுவாகும்: எந்த மொழியில் அனுப்பப்படினும் விண்ணப்பம் முதலில் தமிழில் எழுதப்படல் வேண்டும். எழுதியதைப் பொதுக்குழுவில் உரக்கப் படித்துக் காட்டல் வேண்டும். 'இது நம்மால் இயலாது' என ஒருவர் கூறின் அவ்வரி நீக்கப்படல் வேண்டும். 'அலமாரியைவிட மேல்தளமே முதலில் வேண்டும்' என இன்னொருவர் கூறின் அது சேர்க்கப்படல் வேண்டும். ஊரார் அனைவரும் அறிந்து ஒப்பிய அவ்வரைவைப் பின்னர் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்க்கட்டும். இவ்வாறு எழுதப்படும் விண்ணப்பம் மறுக்கப்படினும் வீணாவதில்லை. சங்கத்தார் தம்மைத் தாமே அறிந்துகொண்ட பயன் எஞ்சும்.

இதனை நாம் பட்டறிவால் கூறுகின்றோம். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின்னர், நம் துறை மாணவர்கள் அறுவர் இரண்டு விடுமுறைகளில் அவ்வாசகசாலைக்குச் சென்று, எஞ்சிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி, பெயர், ஆசிரியர், ஆண்டு, நிலை என எழுதினர். அரபுத்தமிழ்ப் படிகளை வாசித்துக் காட்ட ஊர் ஆலிம் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின்னர் நாள்தோறும் வந்து அமர்ந்தார். பட்டியல் முடிந்ததும் இரண்டு பக்கங்களில் விண்ணப்பம் எழுதினோம். தமிழின் தொன்மை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வெள்ளம் ஏறிய உயரம், அதற்கு மேல் அமைய வேண்டிய தட்டுகளின் எண்ணிக்கை, மின்படி எடுக்க வேண்டிய ஏடுகளின் எண்ணிக்கை, ஜமாஅத் தரும் பங்கு ஆகியவை மட்டுமே இருந்தன. பொதுக்குழுவில் படித்தபோது எவரும் கண் கலங்கவில்லை; ஆனால் நால்வர் திருத்தம் கூறினர். கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. தட்டுகள் உயர்ந்தன, படிகள் எடுக்கப்பட்டன, கணக்கு ஒப்படைக்கப்பட்டது. சிறிய வெற்றிதான். ஆயினும் ஹாஜியாரின் வினாவுக்கு இன்று நம்மிடம் விடை உண்டு. அவ்விடையைக் கேட்க அவர் இல்லை என்பதே நம் வருத்தம்.

மாணவர்களுக்கு

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) வணக்கத்தைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நேர்மையுடன் எழுத வேண்டும் என்றும், எழுதும் ஆற்றலை இறைவன் அருளியிருக்க எழுத மறுத்தல் கூடாது என்றும் அவ்வசனம் பணிக்கின்றது. தமிழ் கற்ற நாம் எழுதும் ஆற்றல் பெற்றவர்கள். வாழ்த்து மடலும் வரவேற்பிதழும் எழுதக் கேட்டால் மகிழ்ந்து எழுதுகின்றோம். கணக்கும் விண்ணப்பமும் எழுதக் கேட்டால் அது நம் துறையன்று என ஒதுங்குகின்றோம். எழுதத் தெரிந்தவர் ஒதுங்கியதால் ஓர் ஊரின் நூல்கள் பெயரின்றி அழிந்ததை நாம் கண்டோம். அதற்கு நாமே பொறுப்பாளர்.

தமிழ்த்துறைகள் தம் பாடத்திட்டத்தில் கடிதமும் கட்டுரையும் வைத்திருப்பதைப் போலவே விண்ணப்பமும் அறிக்கையும் எழுதும் பயிற்சியை வைத்தல் வேண்டும். அதற்காகக் காத்திராமல் மாணவர்கள் வரும் விடுமுறையிலேயே ஒன்று செய்யலாம். உங்கள் மஹல்லாவில் நூலகமோ, மதரசா அலமாரியோ, பாட்டனார் வீட்டுப் பெட்டியோ இருக்கும். அதனைத் திறந்து பாருங்கள், உள்ளவற்றை எண்ணுங்கள், ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அலங்காரச் சொற்கள் பின்னர் வரட்டும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றது; அதற்கு முன்னர் அக்குறிப்பேடு முடிந்திருத்தல் வேண்டும்.